ஸர் கில்பர்ட் வாக்கர்: காற்றின் தராசைக் கண்டவர்

மழை பெய்யுமா, பொய்க்குமா என்பது இந்நாட்டில் பொழுது போக்குவதற்காகப் பேசும் விஷயமன்று. கோடிக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரியுமா, அணையுமா என்பதே அதன் பொருள். உழவன் வானத்தை அண்ணாந்து பார்த்தே தன் ஆயுளைக் கழிக்கிறான். ஆனால் அவன் பார்க்கும் வானம் அவனுடைய ஊருக்கு மேலே கவிந்திருக்கும் வானம் மட்டுமே. அவ்வூரின் மழையை நிர்ணயிக்கும் சக்திகளுள் சில, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், பசிபிக் மகா சமுத்திரத்தின் மீது உலவும் காற்றின் பாரத்தில் அடங்கிக் கிடக்கின்றன. இவ்வுண்மையை எண்களைக் கொண்டு விரிவாக நிலைநாட்டியவர், நம் நாட்டு உப்பை இருபது வருஷ காலம் தின்ற ஓர் ஆங்கிலேயர். ஸர் கில்பர்ட் தாமஸ் வாக்கர் என்பது அவர் பெயர். கணித மேதை ராமானுஜனுடைய சரித்திரத்தைப் படித்தவர்கள் இப்பெயரை அதில் ஒருமுறை சந்தித்திருப்பார்கள். அவருடைய சொந்த சரித்திரமும் அறியத்தக்கதே.

பஞ்சமும் பாரமானியும்

வாக்கரின் கதை அவர் இந்தியாவுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிடுகிறது. தாது வருஷப் பஞ்சத்தைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. 1876-ம் வருஷத்தில் தென்னாட்டில் மழை பொய்த்தது; அடுத்த வருஷமும் வானம் இரங்கவில்லை. சென்னை ராஜதானியிலும், மைசூரிலும், தக்காணத்திலும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டனர். அந்தச் சமயத்தில்தான், 1877 ஜனவரி முதல் தேதியன்று, விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்யும் தர்பார் டில்லியில் கோலாகலமாக நடந்தது. துறைமுகங்களிலிருந்து தானியம் வெளிநாடுகளுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலைக்கு வந்து மண் சுமந்த கூலிகளுக்கு, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று அதிகாரிகள் அளந்து கொடுத்தனர்.

1875-ல்தான் இந்திய வானிலை இலாகா ஸ்தாபிக்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்போர்டு. பஞ்ச காலத்தில் அவர் பாரமானிக் கணக்குகளைப் பல தேசங்களிலிருந்து சேகரித்துப் பார்த்தபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார். இந்தியாவில் மட்டுமின்றி, மோரீஸ் தீவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூடக் காற்றழுத்தம் வழக்கத்துக்கு மேலாக உயர்ந்தே இருந்தது. காற்று கனத்துக் கீழ்நோக்கி அமுங்கும் இடத்தில் மேகம் திரள்வதில்லை. அது லேசாகி மேலெழும் இடத்திலேதான் நீராவி குளிர்ந்து மழையாகிறது. ஆகவே இந்தியாவின் வறட்சி இந்தியாவுக்கு மட்டும் உரிய துர்ப்பாக்கியமன்று, ஒரு பெரிய வியாபகமான மாறுதலின் ஓர் அங்கமே என்ற ஐயம் அப்போதே பிறந்துவிட்டது.

பஞ்சக் கமிஷனின் 1880-ம் வருஷத்து அறிக்கைக்குப் பிறகு, மழையை முன்கூட்டி அறிவிக்க வேண்டுமென்று சர்க்கார் இலாகாவைக் கேட்டுக்கொண்டது. இமயமலையில் பனி அதிகமாக விழுந்தால் அடுத்த பருவமழை குறையும் என்ற அனுமானத்தைக் கொண்டு பிளான்போர்டு அறிவிப்புகளைச் செய்தார். அவருக்குப் பின் வந்த ஸர் ஜான் எலியட் அவற்றை மிக விஸ்தாரமாக வளர்த்தார். ஆனால் 1899-ல் அவர் நல்ல மழை பெய்யும் என்று அறிவிக்க, நேர் விரோதமாகக் கொடிய வறட்சி வந்தது. ராஜபுதனத்திலும் குஜராத்திலும் மத்திய மாகாணங்களிலும் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். பத்திரிகைகள் இலாகாவைக் கண்டித்து எழுதின. அதன் பின் சில வருஷங்கள் மழை அறிவிப்பு ஜனங்களுக்கு வெளியிடப்படாமல், சர்க்காருக்குள்ளேயே ரகசியமாக வைக்கப்பட்டது. உழுபவனுக்கு இல்லாத செய்தி, வரி வசூலிப்பவருக்கு மட்டும் இருந்தது!

கேம்பிரிட்ஜ் இளைஞர்

இந்நிலையில் எலியட் தமக்குப் பின் அப்பதவிக்கு ஒரு கணித வல்லுநரே வரவேண்டும் என்று கருதினார். அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே வாக்கர்.

வாக்கர் 1868-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் என்னும் ஊரில் பிறந்தார். அவர் தந்தை ஓர் இன்ஜினீயர். குடும்பம் பெரிது. லண்டனில் ஸெயின்ட் பால்ஸ் பள்ளியில் உபகாரச் சம்பளம் பெற்றுப் படித்த பின், கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலையில் சேர்ந்தார். 1889-ல் கணிதப் பரீட்சையில் முதல்வராகத் தேறி ஸீனியர் ராங்க்ளர் என்னும் கௌரவத்தை அடைந்தார். ஆனால் கடும் உழைப்பு உடலைப் பாதித்தது. தேக சௌக்கியத்தை நாடி ஸ்விட்ஸர்லாந்தில் சில குளிர்காலங்களைக் கழித்த அவர், அங்கே பனிக்கட்டியின் மேல் சறுக்கும் வித்தையில் தேர்ச்சி பெற்றார்.

அசையும் பொருள் எதுவாயினும் அதன் சூக்ஷ்மத்தை அறிய விரும்பும் மனம் அவருக்கு. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங் என்னும் வளைதடி எறிந்தவனிடமே திரும்பி வருவது எப்படி என்று கணக்கிட்டு அவர் எழுதிய ஆராய்ச்சி 1897-ல் வெளிவந்தது. கல்லூரிக்குப் பின்புறமுள்ள புல்வெளியில் அவர் அதை எறிந்து பழகியதால், பூமராங் வாக்கர் என்று தோழர்கள் அவரைப் பரிகாசப் பெயரிட்டு அழைத்தனர். பறவைகள் சிறகசைக்காமல் வட்டமிடுவது, புல்லாங்குழலின் துளைகளில் ஸ்வரம் பிறப்பது முதலியவையும் அவர் மனத்தைக் கவர்ந்தன. மின்காந்த சாஸ்திரத்தில் செய்த ஆராய்ச்சிக்காக ஆடம்ஸ் பரிசும் பெற்றார். ஆனால் வானிலை சாஸ்திரத்தில் அவருக்குப் பயிற்சி கிடையாது. புதிய பதவியை ஏற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வானிலை நிலையங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு அவர் இந்தியா வந்து சேர்ந்தார். 1904-ம் வருஷம் ஜனவரியில் பொறுப்பேற்றுக்கொண்டார். அவ்வருஷமே ராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஸிம்லாவில் எண்களின் வேள்வி

காற்றின் இயக்கத்தை பௌதிக விதிகளிலிருந்து நேராகக் கணித்து மழையைச் சொல்வது அக்காலத்தில் நடவாத காரியம் என்பதை வாக்கர் விரைவில் உணர்ந்தார். சமன்பாடுகள் இருந்தன, அவற்றைத் தீர்க்கும் வழி இல்லை. ஆகையால் அவர் வேறொரு மார்க்கத்தைப் பிடித்தார். உலகத்தின் பல இடங்களில் பல வருஷங்களாகக் குறிக்கப்பட்டு வந்த காற்றழுத்தம், உஷ்ணம், மழை ஆகியவற்றின் கணக்குகளையெல்லாம் திரட்டினார். இரண்டு இடங்களின் எண் வரிசைகள் எவ்வளவு தூரம் ஒன்றோடொன்று இணங்கி ஏறி இறங்குகின்றன என்பதை ஒரே எண்ணால் காட்டும் புள்ளிவிவர முறை அப்போது புதிதாகத் தோன்றியிருந்தது. அந்த முறையை உலகத்தின் வானிலை முழுவதற்கும் அவர் பிரயோகித்தார்.

கணக்கிடும் இயந்திரங்கள் மலிந்த இக்காலத்தில் அந்த உழைப்பின் அளவை நாம் ஊகிப்பதும் கடினம். ஸிம்லா காரியாலயத்தில் இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசை வரிசையாக அமர்ந்து, காகிதமும் பேனாவும் கொண்டு, வருஷக் கணக்கில் பெருக்கியும் கூட்டியும் வகுத்தும் வந்தனர். ஒரே சம்பந்தத்தைச் சோதிக்க பல பத்து வருஷங்களின் எண்களைக் கையாள வேண்டும். சோதிக்க வேண்டிய சம்பந்தங்களோ எண்ணிறந்தவை. அந்தக் கைகளின் உழைப்பின்மேல்தான் வாக்கரின் கீர்த்தி நிற்கிறது. அக்குமாஸ்தாக்களில் பெரும்பாலோர் பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. இலாகாவின் உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தன. இந்தியர் ஒருவர் அதன் தலைவரானது 1944-ல், எஸ். கே. பானர்ஜி காலத்திலேதான்.

வாக்கர் முதலில் செய்த நற்காரியங்களில் சில, பொய்யை விலக்கியவை. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளே மழையை ஆள்கின்றன என்ற கொள்கை அக்காலத்தில் பிரபலமாயிருந்தது. பஞ்சங்கள் சூரியனின் செயல் என்றுகூடச் சிலர் வாதித்தனர். வாக்கர் எண்களைக் கொண்டு சோதித்து, அச்சம்பந்தம் மழையை முன்னறியப் பயன்படும் அளவுக்கு வலுவுடையதன்று என்று கண்டார். அடுத்தடுத்து வந்த வறட்சிகளால் இந்தியாவின் சீதோஷ்ண நிலையே நிரந்தரமாகக் கெட்டுவிட்டது என்ற அச்சத்தையும் அவர் 1910-ல் ஆராய்ந்து, அதற்கு ஆதாரமில்லை என்றார். நூறு சம்பந்தங்களைச் சோதித்து அவற்றுள் பெரியதை மட்டும் பொறுக்கி எடுத்தால், அது வெறும் தற்செயலாகவும் இருக்கக்கூடும் என்பதை எடுத்துக்காட்டி, அதை அளக்கும் கணித முறையையும் 1914-ல் வகுத்தார். தம் கண்டுபிடிப்பைத் தாமே சந்தேகிக்கும் இக்குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

1909-ல் அவர் அமைத்த சூத்திரத்தில் நான்கு அறிகுறிகள் இடம் பெற்றன: இமயமலையின் பனி, மோரீஸ் தீவின் காற்றழுத்தம், தென் அமெரிக்காவின் காற்றழுத்தம், கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அருகிலுள்ள ஸான்ஸிபாரின் மழை. தென் அமெரிக்காவின் பாரமானிக்கும் இந்திய உழவனின் வயலுக்கும் என்ன உறவு என்று கேட்டு நகைத்தவர்களும் இருந்திருக்கலாம். உறவு இருந்தது, ஏன் என்பதுதான் தெரியவில்லை.

ராமானுஜனும் வாக்கரும்

இங்கே ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1913-ம் வருஷம் பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தார். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் சொற்பச் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒரு கும்பகோணத்து இளைஞரின் கணிதக் குறிப்புகளை, துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் அவரிடம் காட்டினார். அவற்றின் விஷயம் தமது துறைக்குப் புறம்பானது என்பதை வாக்கர் மறைக்கவில்லை. ஆயினும் அவற்றின் தரம் கேம்பிரிட்ஜ் கலாசாலை ஆராய்ச்சியாளர் ஒருவருடைய உழைப்புக்குச் சமானமானது என்று உணர்ந்து, அந்த இளைஞர் கவலையின்றிக் கணிதத்திலேயே ஈடுபட சர்வகலாசாலை உதவவேண்டும் என்று உடனே சிபாரிசுக் கடிதம் எழுதினார். அதன் பயனாகச் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் அளித்தது. அடுத்த வருஷம் மார்ச்சு மாதம் ஸ்ரீநிவாஸ ராமானுஜன் கப்பலேறினார். மற்றவை உலகறிந்தவை. எண்களில் உண்மையைத் தேடியவருக்கு, எண்களோடு விளையாடிய மேதையை அடையாளம் காண அதிக நேரம் தேவைப்படவில்லை.

காற்றின் தராசு

மகா யுத்தம் வந்தது. இலாகாவில் ஆட்கள் குறைந்தனர். ஆராய்ச்சி நிற்கவில்லை. 1923, 1924-ம் வருஷங்களில் வாக்கர் தம் முடிவுகளை வெளியிட்டார். உலகத்தின் காற்றழுத்தத்தில் மூன்று பெரிய தராசுகள் இருப்பதாக அவர் கண்டார். ஐஸ்லாந்துப் பக்கத்துக்கும் அஸோர்ஸ் தீவுகளின் பக்கத்துக்கும் இடையே ஒன்று. ஐரோப்பாவின் குளிர்காலம் கடுமையாவதும் மிதமாவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தது. வட பசிபிக்கில் மற்றொன்று. மூன்றாவது எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு அவர் தென் ஊசலாட்டம் என்ற பொருளுடைய பெயரைச் சூட்டினார்.

அதன் இயல்பு இதுவே. தராசின் ஒரு தட்டு பசிபிக் சமுத்திரம்: ஹோனோலூலு, ஸமோவா, தென் அமெரிக்கா முதலிய இடங்கள். மற்றொரு தட்டு இந்து மகா சமுத்திரத்தைச் சூழ்ந்த பிரதேசம்: வட ஆஸ்திரேலியாவின் டார்வின், மோரீஸ், வடமேற்கு இந்தியா, கெய்ரோ வரையில். ஒரு தட்டில் காற்றழுத்தம் உயர்ந்தால் மறு தட்டில் தாழும். பசிபிக்கில் உயர்ந்து இப்பக்கத்தில் தாழும் வருஷங்களில் இந்தியாவிலும் ஜாவாவிலும் மழை மிகும். அது மாறினால் மழை குறையும். வாக்கருக்கு முன்பே ஸ்வீடன் தேசத்து ஹில்டப்ரான்ட்ஸனும் ஆங்கிலேயரான லாக்கியர்களும் இதன் சாயலைக் கண்டிருந்தனர். அதை உலகளாவிய ஒரே அமைப்பாக எண்ணி, அளந்து, பெயரிட்டவர் வாக்கரே.

1924-ல் அவர் ஓய்வு பெற்றார். ஸர் பட்டமும் அவ்வருஷமே கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கலாசாலையில் பத்து வருஷம் வானிலை சாஸ்திரப் பேராசிரியராக இருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பருவமழையைப் பற்றிய தம் அறிவிப்பு திட்டவட்டமான ஆரூடம் அல்ல, வரப்போவதன் நிழலை மாத்திரம் காட்டுவது என்று பொருள்படும் ஒரு சொல்லையே அவர் விரும்பி வழங்கினார். அந்த அடக்கம் நியாயமானதே. ஏனெனில் அவர் கண்ட அறிகுறிகளில் சில, காலம் செல்லச் செல்ல வலுவிழந்தன. மேலும் இந்திய மழை தராசின் அசைவுக்கு முன்னால் வருவதைவிடப் பின்னால் அதிகமாகத் தொடர்பு காட்டியது. உலகத்தின் வானிலையை முன்னறிய நம் பருவமழை உதவுமேயன்றி, நம் பருவமழையை முன்னறிய உலகம் அவ்வளவு உதவவில்லை! இருபது வருஷம் பஞ்சத்தின் தடத்தைத் தொடர்ந்தவருக்கு இது எவ்வளவு ஏமாற்றமாக இருந்திருக்கும்!

காலம் தந்த தீர்ப்பு

தராசு ஏன் சாய்கிறது என்பதை அவரால் நிறுவ இயலவில்லை. 1958-ம் வருஷம் நவம்பர் 4-ந் தேதி, தொண்ணூறாவது வயதில், ஸர்ரேயில் உள்ள கூல்ஸ்டனில் அவர் காலமானார். அவருடைய பெருமுயற்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதே அச்சமயம் அறிஞர் பலரின் அபிப்பிராயம். ஆனால் விதியின் விளையாட்டு விசித்திரமானது. அதே 1957, 1958-ம் வருஷங்களில்தான் சர்வதேச பூபௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டு, பசிபிக் சமுத்திரம் முன்னெப்போதும் இல்லாத அளவு விரிவாக ஆராயப்பட்டது. பெருவின் கரையை அடுத்த கடல் அவ்வப்போது உஷ்ணமடைவதை அங்குள்ள மீனவர் எல் நினோ என்று சொல்லி வந்தனர். அந்த உஷ்ணம் கரையோரத்தோடு நிற்காமல், சமுத்திரத்தின் நடுவரையில் பரவியிருந்ததை அப்போது விஞ்ஞானிகள் கண்டனர்.

நார்வே வம்சத்தவரான ஜேக்கப் பியர்க்னெஸ் 1969-ல் இரண்டையும் இணைத்தார். சாதாரண வருஷங்களில் பசிபிக்கில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசி, வெந்நீரை இந்தோனேஷியாவின் பக்கம் ஒதுக்குகிறது. அங்கே காற்று மேலெழுந்து மழை பொழிகிறது. பின் உயரத்தில் கிழக்கே சென்று, தென் அமெரிக்காவின் அருகில் கீழிறங்குகிறது. காற்றழுத்த வித்தியாசம் குறைந்தால் அக்காற்று தளர்கிறது. வெந்நீர் கிழக்கே நகர்கிறது. மழையும் அதனுடன் நகர்கிறது. அப்போது இந்தோனேஷியாவின் மேலும் இந்தியாவின் மேலும் காற்று அமுங்கி இறங்குவதால் பருவமழை நலிகிறது. காற்று தளர்வதால் கடல் சூடாகிறது, கடல் சூடாவதால் காற்று மேலும் தளர்கிறது. இந்தப் பெரும் சக்கரத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பியர்க்னெஸ் பெயரிட்டார். தாது வருஷப் பஞ்சத்தின்போதும் 1899-லும் எல் நினோ இருந்தது என்பது இன்று தெரிந்த விஷயம்.

இத்தராசு ஒன்றே நம் தலைவிதியை எழுதுவதாகவும் நினைக்கலாகாது. 1997-ல் மிகப் பெரிய எல் நினோ இருந்தும் இந்தியாவின் பருவமழை பழுதின்றிப் பெய்தது. 2009-லும் 2015-லும் அது குறைந்தது. எல் நினோ வருஷங்களில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை மிகுவதும் உண்டு; 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வடக்கே வறட்சிக்கு ஏதுவான ஊசலே, தெற்கே வெள்ளத்துக்கும் துணை நிற்கலாம்.

வாக்கரின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடங்கள் இரண்டு. பயன் உடனே கிட்டாவிட்டாலும், நேர்மையாகச் சேர்த்து வைத்த கணக்கு வீண் போவதில்லை. அவர் மறைந்து பதினோரு வருஷத்துக்குப் பின் அது பலித்தது. இரண்டாவது பாடம் ஆட்சி செலுத்துவோருக்கு உரியது. மழை பொய்ப்பது காற்றின் செயல். அதைத் தடுக்க எவராலும் ஆகாது. ஆனால் மழை பொய்த்த ஊரில் மனிதன் பட்டினியால் சாவது காற்றின் செயலன்று. பஞ்சத்துக்கு வானத்தின்மேல் பழி சுமத்திக் கைகழுவியவர்களுக்கு, வானத்தின் கணக்கு எது, மனிதனின் கணக்கு எது என்பதை வாக்கரின் எண்கள் பிரித்துக் காட்டிவிட்டன. காற்றின் தராசு எப்பக்கம் சாயும் என்பதை இன்று பல மாதங்களுக்கு முன்பே ஓரளவு அறிய முடிகிறது. அந்த அறிவு ரகசியக் கோப்புகளில் உறங்காமல் உழவனின் வாசலை அடையவேண்டும். களஞ்சியங்களும் ஏரிகளும் அதற்கேற்ப முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். ஸிம்லாவில் பெயரில்லாமல் உழைத்த அந்தக் கணக்கர்களுக்கும், அவர்களை வழிநடத்திய வாக்கருக்கும் நாம் செலுத்தக்கூடிய உண்மையான மரியாதை அதுவே.